மெயில் வரலையாம், இன்புட் மட்டும் வந்துச்சாம்!

மெயில் வரவில்லை என்று சொல்கிறவர் எதையும் காட்ட வேண்டியதில்லை. வாயால் சொன்னால் போதும். அனுப்பியவன்தான் ஸ்க்ரீன்ஷாட், தேதி, நேரம், பழைய மெயிலின் ஃபார்வர்டு என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கடை பரப்ப வேண்டும். அத்தனையும் பரப்பிய பிறகு எதிர்முனையில் என்ன பதில் வரும் தெரியுமா? "எங்களுக்கு ஏதும் வரலைங்களே. எதுக்கும் மறுக்கா ஒரு தடவை அனுப்பி விடுங்க."

கோவையில் ஒரு சின்ன சிஎன்சி ஜாப் ஒர்க் யூனிட்டில் பில், டிஸ்பாட்ச், வசூல் மூன்றையும் பார்க்கிற ஆள் நான். பம்ப், வால்வு பாகங்களைக் கடைந்து பெரிய கம்பெனிகளுக்குக் கொடுக்கிறோம். சரக்கு போய்ச் சேர்ந்ததை நிரூபிப்பதில் எங்களுக்கு எந்தச் சிக்கலும் கிடையாது. கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணன் டெலிவரி சலானில் இன்வேர்டு சீல் குத்தி, வண்டி நம்பரும் நேரமும் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். அந்தச் சீலுக்கு எதிராக எம்.டி.யே வந்தாலும் பேச முடியாது. ஆனால் அதே சரக்குக்கான இன்வாய்ஸை, அவர்களே எழுதிக் கொடுத்த மெயில் ஐடிக்கு அனுப்பினால், அது மட்டும் நடுவழியில் காணாமல் போய்விடுகிறதாம்.

பேப்பர் வேண்டாம், இனி எல்லாம் மெயிலில்தான் என்று சுற்றறிக்கை விட்டது நாங்களா? முன்பெல்லாம் எங்கள் பையன் ஒருத்தன் பில்லைக் கொண்டுபோய் அக்கவுண்ட்ஸில் கொடுத்து, ஆபீஸ் காப்பியில் 'பெறப்பட்டது' ரப்பர் ஸ்டாம்ப் வாங்கி வந்துவிடுவான். பெட்ரோல் காசோடு முடிந்தது. இப்போது நேரில் கொண்டுபோனால் வாங்க மாட்டேன் என்கிறார்கள், மெயிலில் அனுப்பினால் வரவில்லை என்கிறார்கள்.

எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பாதிப் பேர் சொல்கிறார்கள். ஏன் என்பதும் ஊருக்கே தெரியும். பேமெண்ட் டெர்ம்ஸில் 'இன்வாய்ஸ் கிடைத்த நாளிலிருந்து 45 நாள்' என்று ஒரு வரி இருக்கும். எல்லா வினைக்கும் மூலம் அந்த வரிதான். நாற்பத்து நாலாம் நாள் போன் போட்டால் மெயில் வரலைங்களே என்பார்கள். மறுபடி அனுப்பினால் அன்றிலிருந்து புதிதாக ஒரு 45. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான எம்எஸ்எம்இ சட்டம், 2006ஆம் வருஷத்துச் சட்டம், அப்படியா சொல்கிறது? அதன் 15ஆம் பிரிவுப்படி, எழுத்தில் ஒப்பந்தமே இருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லவில்லை என்றால் சரக்கு வந்த நாள்தான் ஏற்றுக்கொண்ட நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டுக்கு மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. ஆக, கணக்கு ஆரம்பிப்பது செக்யூரிட்டி அண்ணன் குத்திய சீலில். மெயிலுக்கு அதில் வேலையே இல்லை. ஆனால் இதைப் பார்ட்டியிடம் எடுத்துப் பேசிப் பாருங்கள். அடுத்த ஆர்டர் பக்கத்து ஷெட்டுக்குப் போய்விடும். அது அவர்களுக்கும் தெரியும்.

சரி, இனிதான் எனக்கு ரத்தம் கொதிக்கிற இடம். ஜிஎஸ்டி.

மாதம் பிறந்து பதினோராம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்கிற விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்கிறோம். அதில் ஒவ்வொரு பில்லும் நம்பரோடு, தேதியோடு, தொகையோடு ஏறுகிறது. பதினாலாம் தேதி அது வாங்கியவரின் ஜிஎஸ்டிஆர்-2பி என்கிற கொள்முதல் பட்டியலில் போய் உட்காருகிறது. அதை வைத்து அவர்கள் இன்புட், அதாவது வாங்கிய சரக்குக்கான வரியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்கிற சலுகையை, எடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் கையிலிருந்து கட்டிய வரி அவர்கள் கணக்கில் வரவு. எங்கள் பில் ஏதாவது ஒன்று 2பி-யில் விட்டுப்போயிருந்தால் பதினைந்தாம் தேதி காலையில் டீ குடிப்பதற்குள் போன் வந்துவிடும். "ஏனுங்க, உங்க பில் ஒண்ணு ரிஃப்ளெக்ட் ஆகலைங்க, கொஞ்சம் பாருங்க." நம்பர் சொல்வார்கள், தேதி சொல்வார்கள், பைசா சுத்தமாகத் தொகை சொல்வார்கள். மெயிலே வராத பில்லின் நம்பர் இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? ஜிஎஸ்டி சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி இன்புட் எடுக்க வேண்டுமென்றால் இன்வாய்ஸ் கையில் இருந்தாக வேண்டும். இருந்ததால்தானே எடுத்தீர்கள்? அப்புறம் பேமெண்ட் கேட்கும்போது மட்டும் அது எப்படி வராத பில் ஆகிறது? அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. இன்வாய்ஸ் தேதியிலிருந்து 180 நாளுக்குள் காசு கொடுக்காவிட்டால் எடுத்த இன்புட்டை வட்டியோடு திரும்பக் கட்ட வேண்டும். அதனால்தான் சில பார்ட்டிகளிடம் ஐந்து மாதம் முடிந்து ஆறாவது மாதம் ஓடும்போது, தொலைந்துபோன மெயில் தானாகக் கிடைத்துவிடுகிறது! இந்த அதிசயத்தை நான் ஒரு பார்ட்டியிடம் மட்டும் பார்க்கவில்லை.

இது ஒரு பக்கம். அவர்கள் மெயில் அனுப்பும்போது என்ன நியாயம் என்று பாருங்கள். ரிஜெக்‌ஷன் என்று சொல்லி டெபிட் நோட் போட்டுப் பணத்தைப் பிடித்துவிடுவார்கள். ஏனுங்க என்று கேட்டால், "நாங்க அப்பவே மெயில் போட்டுட்டோமுங்க, நீங்க பாக்கலைங்களா?" எந்த ஐடிக்கு? எங்களிடம் முன்னே வேலை பார்த்து, கல்யாணமாகி வெளியூர் போய்விட்ட பெண்ணின் ஐடிக்கு. ஐடி மாறியதை லெட்டர்ஹெடில் எழுதி அனுப்பியிருந்தோம். மெயிலில்தான். அது வரலையாம். அவர்கள் போட்டால் போட்ட நிமிஷமே வந்து சேர்ந்த மாதிரி. நாங்கள் போட்டால் அவர்கள் ஒப்புக்கொள்கிற வரை சேராத மாதிரி. இந்தச் சட்டத்தை எந்தச் சட்டசபையில் போட்டார்கள்?

இத்தனைக்கும் மெயில் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது இயந்திரங்களுக்கு நன்றாகத் தெரியும். மெயில் போக்குவரத்துக்கான எஸ்எம்டிபி விதிகளை ஜான் போஸ்டல் என்கிற கணினி விஞ்ஞானி 1982லேயே எழுதி வைத்துவிட்டார். இன்றைக்கும் அடிப்படை அதுதான். நம் சர்வர் அவர்கள் சர்வரைக் கூப்பிட்டு, யாரிடமிருந்து, யாருக்கு என்று சொல்லி, கடிதத்தைக் கொடுக்கும். வாங்கிக்கொண்டால் அந்தப் பக்கத்து சர்வர் '250' என்று ஒரு எண்ணைப் பதிலாகச் சொல்லும். அந்த நொடியிலிருந்து பொறுப்பு கை மாறிவிடுகிறது. உரியவரிடம் சேர்க்க வேண்டும், முடியாவிட்டால் அனுப்பியவருக்குத் திருப்பித் தகவல் சொல்ல வேண்டும். 2008இல் திருத்தி எழுதிய விதிகளிலும் இது அப்படியே இருக்கிறது. அதாவது அவர்கள் கம்பெனி சர்வர் எனக்கு இன்வேர்டு சீல் குத்திக் கொடுத்துவிட்டது. கேட் தாண்டி உள்ளே போன சரக்கு ஸ்டோர்ஸில் காணோம் என்றால் அதை நானா போய்த் தேட முடியும்?

அந்தச் சீல் என் கைக்கு வராது என்பதுதான் கொடுமை. அது சர்வரின் பதிவேடான லாகில் கிடக்கும். இலவச மெயில் கணக்கு வைத்திருப்பவருக்கு அதைப் பார்க்க வழியே இல்லை. மலிவு ஹோஸ்டிங் எடுத்திருந்தால் லாக் சீக்கிரமே அழிந்துவிடும். மைக்ரோசாஃப்ட் 365 மாதிரி காசு கட்டி வாங்கிய கணக்கில் மெசேஜ் ட்ரேஸ் போட்டு, மெயில் எங்கே போனது என்று 90 நாள் வரை தேடலாம். எங்கள் பார்ட்டிகளில் சிலர் பேச ஆரம்பிப்பதே 90 நாளுக்கு அப்புறம்தான். சென்ட் ஃபோல்டரைக் காட்டினால், நான் ஒரு காப்பி வைத்திருக்கிறேன் என்பது மட்டும்தான் தெரியும் என்பார்கள், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஃபார்வர்டு செய்தால் அதில் தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றலாமே என்பார்கள், அதுவும் நியாயம்தான். சரி என்று, மெசேஜ் ஐடியும் எந்தெந்த சர்வர் வழியாகப் போனது என்கிற விவரமும் கெடாமல் இருக்கட்டும் என்று, அசல் மெயிலையே ஒரு ஃபைலாக இணைத்து அனுப்பினேன். பதில் வந்தது: "இந்த ஃபைல் ஓபன் ஆகலைங்க, பிடிஎஃபா அனுப்புங்க."

உண்மையிலேயே மெயில் தொலைகிற வழிகளும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஸ்பேமில் விழும். ஜிமெயிலில் ஸ்பேமில் விழுந்தது 30 நாளில் தானாகவே அழிந்துவிடும், நமக்கோ பேமெண்ட் கேட்கிற முறையே 45ஆம் நாளில்தான் வருகிறது. கம்பெனி ஃபில்டர் பிடித்து குவாரன்டைனில், தனியாக அடைத்து வைத்துவிடும். அது பர்ச்சேஸ் மேடத்துக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது, ஐ.டி. டிபார்ட்மெண்டுக்கு மட்டும் தெரியும், அவர்கள் நம்பரை யாரும் தர மாட்டார்கள். வேலையை விட்டுப்போனவரின் மெயில் பெட்டியை மூடாமல் விட்டிருப்பார்கள், அது மெயிலை வாங்கி வாங்கி வைத்துக்கொண்டே இருக்கும், நமக்கு எதுவும் திரும்பி வராது. இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட், போட்டோ எல்லாம் சேர்த்து 8 எம்பி ஆகிவிட்டால் 10 எம்பி வரம்பு வைத்த சர்வரில் அடிபட்டுவிடும், ஏனென்றால் அட்டாச்மெண்ட் மெயிலில் ஏறும்போது மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடுகிறது. இந்தக் கடைசி ரகம் எனக்குப் பிடிக்கும். பவுன்ஸ் ஆகி வருகிறது பாருங்கள், போகவில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறது.

படித்ததும் நமக்குத் தகவல் வரும் ரீட் ரெசீப்ட் போடலாமே என்று அறிவுரை சொல்கிறவர்கள் தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளவும். அது வட்டிக்காரர் வந்து கதவைத் தட்டி, 'நீங்கள் வீட்டில் இருப்பதாகச் சொல்லட்டுமா?' என்று கடன் வாங்கியவரிடமே கேட்கிற கதை. வேண்டாம் என்று ஒரு பட்டனை அமுக்கினால் முடிந்தது. மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத குட்டிப் படம் ஒன்றை ஒளித்துவைத்து, அது இறங்கியதா என்று பார்த்து, திறந்தாரா என்று கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேர்களும் உண்டு. ஜிமெயில் 2013இலேயே படங்களைத் தன் சர்வர் வழியாகக் காட்ட ஆரம்பித்துவிட்டது. 2021இல் ஆப்பிள் கொண்டுவந்த மெயில் பாதுகாப்பு வசதியை ஆன் செய்திருந்தால், ஆள் திறக்காமலேயே படம் இறங்கிவிடும். திறக்காதவர் திறந்ததாகவும், திறந்தவர் திறக்காததாகவும் காட்டுகிற ஒன்றை வைத்து நான் யாரிடம் போய் நியாயம் பேசுவது?

சட்டம் இதில் என்னைக் கைவிடவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, 13ஆம் பிரிவு. இந்த ஐடிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று வாங்குபவர் குறிப்பிட்டுச் சொல்லியிருந்தால், மெயில் அந்த அமைப்புக்குள் நுழைந்த நேரமே கிடைத்த நேரம். படித்தாரா, தூங்கினாரா என்ற பேச்சே இல்லை. குறிப்பிடாத வேறு ஐடிக்கு அனுப்பினால் மட்டும் அவர் எடுத்துப் பார்த்த நேரம் கணக்கு. அதனால் முதலாளியின் சொந்த ஐடிக்கு சிசி போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். 12ஆம் பிரிவில், கிடைத்ததற்கான ஒப்புதல் இன்ன வடிவில்தான் வேண்டும் என்று அனுப்பியவர் நிபந்தனை போடாதபோது, கிடைத்தது என்று காட்டுகிற நடத்தையே ஒப்புதலாகும் என்று இருக்கிறது. இன்புட் எடுத்தது நடத்தை இல்லையா? அதே பிரிவில் ஒரு குழியும் உண்டு. 'உங்கள் ஒப்புதல் வந்தால்தான் இது செல்லுபடியாகும்' என்று நாமே மெயிலில் எழுதிவிட்டால், ஒப்புதல் வராதபோது அனுப்பவே இல்லை என்று ஆகிவிடும். யாரோ சொன்னார்கள் என்று கையெழுத்துக்குக் கீழே அப்படி ஒரு வரி வைத்திருப்பவர்கள் இன்றே தூக்கிவிடுங்கள்.

ஆனால் இதை நீதிமன்றத்தில் நிரூபிக்கப் போனால்? 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதி நாம், இன்னொரு பகுதி நிபுணர், கூடவே ஃபைலின் ஹாஷ் மதிப்பு, அதாவது ஃபைலின் கைரேகை மாதிரி ஒரு எண். நாற்பதாயிரம் ரூபாய் பில்லுக்கு நிபுணருக்கு எவ்வளவு கொடுப்பது, வக்கீலுக்கு எவ்வளவு கொடுப்பது? எதிராளிக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. அந்தத் தைரியத்தில்தான் வரலைங்களே என்கிறார். தபாலில் இந்தப் பஞ்சாயத்து இவ்வளவு இல்லை. சரியான முகவரி எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபாலில் போட்டால், வேறு விதமாக நிரூபிக்காதவரை போய்ச் சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்று 1897ஆம் வருஷத்துப் பொது விதிகள் சட்டத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துத் தபால்காரருக்கு இருந்த மரியாதை என் மெயிலுக்கு இல்லை. அந்தப் பதிவுத் தபாலையும் 2025இல் ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள்.

நான் இப்போது மெயில் அனுப்பிய கையோடு போன் போடுகிறேன். வந்துச்சுங்களா என்று கேட்பதில்லை. "அதுல இருக்கிற பில் நம்பரைக் கொஞ்சம் படிங்க மேடம்" என்பேன். படித்துவிட்டால், 'இன்று தொலைபேசியில் பேசியபடி' என்று ஆரம்பித்து அதே மெயிலுக்குக் கீழேயே ஒரு பதில் போட்டு வைப்பேன். சிலர் எரிச்சல்படுகிறார்கள். படட்டும். 'கிடைத்தது' என்று ஒரு வார்த்தை பதில் போட்டிருந்தால் நான் ஏன் போன் செய்யப்போகிறேன்?

போன வாரம் ஒரு பர்ச்சேஸ் மேனேஜரிடம் நேரிலேயே கேட்டுவிட்டேன். இன்வாய்ஸ் அனுப்ப வேண்டிய மெயில் ஐடி இதுதான், இதில் வந்து சேர்ந்தால் கிடைத்ததாக அர்த்தம் என்று உங்கள் பி.ஓ.வில், பர்ச்சேஸ் ஆர்டரில், ஒரே ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள், 13ஆம் பிரிவுக்கு அது போதும் என்றேன். மனுஷர் பொறுமையாகத்தான் கேட்டார். டீ கூட வாங்கிக் கொடுத்தார். "அதெல்லாம் எங்க ஃபார்மட்ல இல்லீங்க. ஹெட் ஆபீஸ்ல கேக்கணும். நீங்க ஒண்ணு பண்ணுங்க, இதையே விவரமா எனக்கு ஒரு மெயில் போட்டு விடுங்க" என்றார்.

போட்டேன். நேற்று போன் பண்ணிக் கேட்டால், வரலையாம்.