கைதட்டினீர்களே, அதைப் பற்றித்தான்

நேற்று அந்த மேடையில் டாக்டர் உதிர்த்த முத்தைக் கேட்டிருப்பீர்கள். "சைக்காலஜியும் கைரேகையும் ஒண்ணுதான்." அரங்கமே கைதட்டியது. மூன்றாவது வரிசையில், சைக்காலஜி படித்த நானும் இருந்தேன். தெரிந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பரவாயில்லை, பழகிவிட்டது.

வெள்ளைக் கோட்டும் மைக்ரோஸ்கோப்பும் இருந்தால் அறிவியல் ஆகிவிடாது சார். "நான் சொல்வது தப்பென்றால் எப்படித் தெரியும்?" என்று கேட்டு, அதைச் சோதித்தும் பார்க்க வேண்டும்.

பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை. கணக்குக் கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொல்லும். ஊரே வாய்பிளந்தது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்கிற சைக்காலஜி ஆய்வாளர் விடை தெரியாத ஆளை விட்டுக் கேட்கச் சொன்னார். குதிரைக்கும் விடை தெரியவில்லை! சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை அவரையறியாமல் துளி அசையும். அதைப் பார்த்துத்தான் குதிரை நிறுத்தியிருக்கிறது. 1907இல் இதை விளக்கி எழுதினார். மருந்துச் சோதனையில் எது மருந்து, எது வெறும் மாத்திரை என்று டாக்டருக்கே சொல்லாமல் மறைக்கிறீர்களே, அதுவும் இதே பயத்தில்தானே?

"கனவுக்கெல்லாம் அர்த்தம் சொன்னாரே, அந்த ஃப்ராய்டு?" என்பீர்கள். சரி, இருந்தார். அடுத்த கேள்வி.

"2015இல் நூறு சைக்காலஜி ஆய்வுகளைத் திரும்பச் செய்ததில் 36 சதவீதம்தானே தேறியது?" ஆமாம், வலித்தது. ஆனால் திரும்பச் செய்ததும், தோற்றதை எண்ணி ஊரறியப் போட்டதும் சைக்காலஜிக்காரர்கள்தான். எந்தக் கைரேகைக்காரர் தன் பழைய பலன்களில் நூறை எடுத்துச் சரிபார்த்தார்? தப்பைத் தேடிப் போவதுதான் அறிவியல். இன்னொரு முறையும் சொல்கிறேன், தப்பைத் தேடிப் போவது.

எம்.எஸ்ஸி.யில் எனக்கு நினைவாற்றல் சோதனை. 1885இல் எபிங்ஹாஸ் என்கிற ஜெர்மன் சைக்காலஜிக்காரர் தன்மேலேயே செய்து பார்த்து வெளியிட்டாரே, அந்த வகை. 'டுப், கெம், ணாக்' என்று அர்த்தமில்லாத அசைகளை அட்டையில் எழுதி, ஹாஸ்டலில் முப்பது பேரைக் கெஞ்சி உட்காரவைத்தேன். மெட்டுப் போட்டுப் படித்தால் நன்றாக நிற்கும் என்று சத்தியமே செய்திருப்பேன். வித்தியாசமே வரவில்லை. நாலு பேரைக் கழற்றிவிட்டால் கணக்கு சரியாகிவிடும். மேடம் நோட்டைப் புரட்டிவிட்டு, "வந்ததை எழுதும்மா" என்றார். அழுதுகொண்டே எழுதினேன்.

அப்புறம் கல்யாண வீடுகளில், "என் மனசுல என்ன இருக்கு, சொல்லு பார்ப்போம்" என்கிற பெரியப்பாக்கள். அவர்களை விடுங்கள். அப்பா இன்றும் வெளியாட்களிடம் "பொண்ணு எம்.எஸ்ஸி." என்பதோடு நிறுத்திக்கொள்வார். எதில் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

நேற்று எனக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. அவரும் கைதட்டினார்.