சிப் தூங்கும், போர்டு தூங்காது

"டீப் ஸ்லீப்பில் 20 மைக்ரோ ஆம்பியர்தான், ஒரே 18650 செல்லில் நோட்எம்சியு சென்சார் ரெண்டு வருஷம் ஓடும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். நோட்எம்சியு என்பது இஎஸ்பி8266 என்ற வைஃபை சிப் உள்ள சின்ன போர்டு; 18650 என்பது ரீசார்ஜ் செய்யக்கூடிய லித்தியம் செல்; டீப் ஸ்லீப் என்பது சிப் கிட்டத்தட்ட முழுதாக அணைந்து தூங்கும் நிலை. அந்த 20 மைக்ரோ ஆம்பியர் சிப்புக்கு மட்டும். போர்டில் உள்ள ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் (வோல்டேஜைச் சிப்புக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் பாகம்) சும்மா இருக்கும்போதே சுமார் 5 மில்லி ஆம்பியர் குடிக்கும். யுஎஸ்பி சிப் கணக்கு தனி. 2500 எம்ஏஎச் செல் என்றால் 500 மணி நேரம், அதாவது மூணு வாரம்கூடத் தாங்காது. மல்டிமீட்டரைத் தொடரில் கோர்த்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

மாதக்கணக்கில் ஓட வேண்டுமென்றால் அதே சிப் உள்ள வெறும் இஎஸ்பி-12எஃப் மாட்யூல், எம்சிபி1700 மாதிரி சிக்கனமான ரெகுலேட்டர், பக்கத்தில் ஒரு பெரிய கெப்பாசிட்டர். தூங்கும் சிப்பை எழுப்ப, அதன் ஜிபிஐஓ16 பின்னிலிருந்து ரீசெட் பின்னுக்கு ஒரு வயரும் வேண்டும் (இதை விட்டுவிட்டு, எழுந்திருக்கவே மாட்டேங்குது என்று சிப்பைத் திட்டுகிறவர்கள் ஏராளம்). நிமிஷத்துக்கு ஒருமுறை வைஃபையில் இணைந்தால் இத்தனையும் வீண். அறை வெப்பநிலைக்கு 15 நிமிஷ இடைவெளி தாராளம்.