55 விழுக்காடு என்று என்னிடம் சொல்லாதீர்கள்

நேற்று இரவு சிங்கப்பூர் நேரம் பன்னிரண்டே முக்காலுக்கு, டொரொண்டோ ஸ்கார்பரோவிலிருந்து மச்சான் ஃபோன் பண்ணினான். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். கையில் ரொட்டி, வாயில் ஆஸ்டன் மத்யூஸ். "உவன் முக்கியமான நேரத்தில ஒரு டிராவும் வெல்லுறானில்லை மச்சான், 55 விழுக்காடு வேணும், உப்பிடி ஐம்பதைச் சுத்திச் சுத்தி நிக்கிற நம்பரை வைச்சுக்கொண்டு கோப்பை தூக்கேலுமோ?" ஆட்டமே இல்லாத மாதம் இது. ஜூலை, ஆகஸ்டிலும் ஒரு மனிதன் ஃபேஸ்ஆஃப் விழுக்காட்டை நினைத்துக்கொண்டே ரொட்டி சாப்பிடுகிறான் என்றால் அவன் மத்யூஸ் ஆடும் டொரொண்டோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் ரசிகனாகத்தான் இருக்க வேண்டும். கடைசியாக 1967இல் ஸ்டான்லி கோப்பையைத் தொட்ட அணி. எங்கள் இருவருக்குமே அப்போது அம்மாக்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஃபோனில் பதில் சொன்னால் அவன் கேட்க மாட்டான், அவனுக்குக் குரல் பெரிது. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐஸ் ஹாக்கியில் ஆட்டம் நின்று மறுபடி தொடங்கும்போதெல்லாம் இரண்டு பேர் எதிரெதிரே குனிந்து நிற்பார்கள், லைன்ஸ்மேன் அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை, அதாவது பக்கை, நடுவே போடுவார், யார் மட்டையில் அது மாட்டுகிறதோ அவர் தன் ஆட்களுக்குத் தள்ளிவிடுவார். அதுதான் ஃபேஸ்ஆஃப், ரசிகர்கள் பாஷையில் டிரா. தரையில் இதற்கென்றே ஒன்பது புள்ளிகள் வரைந்திருக்கும். ஓர் ஆட்டத்தில் ஐம்பது அறுபது முறை இது நடக்கும். இதை நான் அப்பாவுக்கு முதன்முதலில் காட்டியபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அட, இது புல்லிடா" என்றார். அவர் பாலஸ்டியர் திடலிலும் பாடாங்கிலும் புல்தரை ஹாக்கி ஆடிய ஆள். அந்தக் காலத்தில் ஆட்டம் தொடங்க இரண்டு பேர் பந்துக்கு இரு பக்கமும் நின்று, தரையை ஒரு தட்டு, எதிராளியின் மட்டையை ஒரு தட்டு என்று மூன்று முறை தட்டிவிட்டுப் பந்துக்குப் பாய்வார்கள். 1981இல் அதை எடுத்துவிட்டு, நடுவிலிருந்து பின்னால் தள்ளித் தொடங்குவது என்று மாற்றினார்கள். அப்பா அதற்கு இன்னும் வருத்தப்படுகிறார். ஆனால் அவர் அப்புறம் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: "புல்லியில நான் எத்தனை தடவை ஜெயிச்சேன்னு எனக்கே தெரியாது. பக்கத்துல நின்னவன் தூங்கிட்டா ஜெயிச்சும் பிரயோசனமில்ல."

இப்போது என் சொந்தக் கதை. ஜூரோங் ஈஸ்ட் ஜேகியூப்பில் பனித்தளம் இருந்ததே, 2023இல் அந்தக் கடைத்தொகுதியே மூடும் வரைக்கும், அங்கே பெரியவர்களுக்கான தொடக்க வகுப்பில் நானும் சேர்ந்திருந்தேன். நாற்பது வயதில், முப்பது டிகிரி வெயிலிலிருந்து உள்ளே போய் நடுங்கிக்கொண்டு. வகுப்பு முடிவில் எங்களுக்குள் ஓர் ஆட்டம் வைத்தார்கள், மற்றவர்களைவிட ஒரு பிடி அதிகம் ஹாக்கி பேசுகிறேன் என்று என்னை சென்டராக, அதாவது டிரா எடுக்கும் நடு ஆளாகப் போட்டார்கள். வாய் செய்த வினை. எதிரே நின்றது உயர்நிலைப் பள்ளிப் பையன் ஒருவன். நான் பக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன், அவன் பக்கைப் பார்க்கவே இல்லை, பக்கைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழ்க் கையைப் பிடியில் திருப்பிப் போட்டிருந்தான், அப்படிப் பிடித்தால்தான் பின்பக்கமாக இழுக்க வலு கிடைக்கும் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அன்றைக்கு என் கணக்கில் பதினொரு டிரா. நான் சுத்தமாக வென்றது பூஜ்யம்.

ஆனால் ஆட்டத்தை நாங்கள் ஜெயித்தோம்.

எப்படி என்றால், நாலைந்து தடவைக்குப் பிறகு எனக்கு வெட்கம் போய் ஒரு யோசனை வந்தது. பக்கைத் தொடவே முயலாமல் அந்தப் பையனின் மட்டையை என் மட்டையால் அமுக்கிப் பிடித்து, உடம்பைக் குறுக்கே போட்டுவிட்டேன். பக் எங்கள் இருவர் காலடியிலும் அநாதையாகக் கிடந்தது. என் இடப்பக்கம் நின்ற விங்கர், தேசிய சேவை முடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, நரி மாதிரி உள்ளே புகுந்து எடுத்துக்கொண்டு போனான். அப்படி நான்கு முறை. அன்றைக்கு அங்கே யாராவது அதிகாரபூர்வமாகக் கணக்கு எழுதியிருந்தால் அந்த நான்கும் என் பெயரில் வெற்றியாக ஏறியிருக்கும், அந்த விங்கர் தம்பியின் பெயரில் ஒன்றும் ஏறியிருக்காது. லீஃப்ஸ் ஆடும் வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்ஹெச்எல்லிலும் இதே கதைதான். பக் கடைசியில் எந்த அணியின் கைக்குப் போனது என்று பார்த்து, குனிந்து நின்ற இருவரில் ஒருவருக்கு வெற்றி, மற்றவருக்குத் தோல்வி என்று எழுதிவிடுகிறார்கள். ஐந்து பேர் செய்த வேலைக்கு ஒருவர் பெயர். அந்த நம்பரைத்தான் மச்சான் எனக்கு நடுராத்திரியில் வேதம் மாதிரி ஓதுகிறான்.

அந்த நம்பரில் இன்னும் ஓட்டைகள் இருக்கின்றன. 2015-16இலிருந்து விதி என்னவென்றால், தன் பகுதியில் தற்காத்து நிற்கும் அணியின் ஆள் முதலில் மட்டையைத் தரையில் வைக்க வேண்டும், தாக்கும் அணிக்காரர் அதைப் பார்த்துவிட்டு இரண்டாவதாக வைப்பார். நடுவட்டத்தில் மட்டும் வெளியூர் அணிக்காரர் முதலில் வைப்பார். இரண்டாவதாக வைப்பவனுக்கு ஒரு கண்ணிமைப்பு நேரம் லாபம். அந்த விளையாட்டில் கண்ணிமைப்பு என்பது பெரிய சொத்து. அப்படியென்றால் பயிற்சியாளர் யாரைத் தன் கோல் பக்கமே திரும்பத் திரும்ப டிரா எடுக்க அனுப்புகிறாரோ அவருடைய விழுக்காடு இறங்கும், யாரை எதிரணி கோல் பக்கம் வைத்துச் செல்லமாக வளர்க்கிறாரோ அவருடையது ஏறும். இதோடு தண்டனை நேரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஆள் ஒருவர் வெளியே உட்கார்ந்திருக்க, எதிரணியில் ஓர் ஆள் அதிகம், சிதறுகிற பக்கைப் பொறுக்க அவர்களுக்கு ஒரு கை கூடுதல். அந்த நேரத்தில் டிரா எடுக்கப் போகிற பாவப்பட்டவன் எப்படி 55 காட்டுவான்? வேலை கஷ்டமானதால் மார்க் குறைந்தது என்பதை நாம் பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்வோம், சென்டருக்கு ஒத்துக்கொள்ள மாட்டோம்.

சரி, நம்பரை அப்படியே நம்பினால்கூட என்ன ஆகிறது? முதல்நிலை சென்டர் ஒருவர் ஓர் ஆட்டத்தில் இருபது டிரா எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 விழுக்காட்டுக்காரர் பத்து வெல்வார். 55 விழுக்காட்டுக்காரர் பதினொன்று. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம்! அந்த ஒன்றும் நடுவட்டத்தில் வந்து தொலைத்தால் அதிலிருந்து ஒரு மண்ணும் நடக்காது, பின்னால் தள்ளுவார்கள், சுற்றி வருவார்கள், ஆட்களை மாற்றிக்கொள்வார்கள். ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு வந்து உட்காரலாம்.

எட்மன்டனின் சென்டர் கானர் மெக்டேவிட்டைப் பாருங்கள். 2016-17இல் டிராவில் அவர் 43 விழுக்காடு அளவில்தான் இருந்தார், பாதிக்கும் எவ்வளவோ கீழே. அதே பருவத்தில் நூறு புள்ளிகள் எடுத்து லீக்கிலேயே முதலாவது, லீக்கின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் விருதும் அவருக்கே. தோற்ற டிராவை அடுத்த ஐந்து வினாடிக்குள் காலால் திருப்பி வாங்கிவிடுகிற ஆளுக்கு அந்த 43 ஒரு பொருட்டா? 2025 பிப்ரவரியில் நான்கு நாட்டுப் போட்டி நடந்ததே, அதற்கு வைத்த பெயரே '4 நேஷன்ஸ் ஃபேஸ்-ஆஃப்'. பாஸ்டனில் இறுதியாட்டம், இங்கே வெள்ளிக்கிழமை காலை, நான் அலுவலக மேசைக்கு அடியில் ஃபோனை வைத்துக்கொண்டு பார்த்தேன். அமெரிக்காவுக்கு எதிராகக் கனடாவுக்காகக் கூடுதல் நேரத்தில் மார்னர் கொடுக்க, கோல் அடித்து முடித்துவைத்தது அதே மெக்டேவிட். ஃபேஸ்ஆஃப் என்று பெயர் வைத்த போட்டியை, ஃபேஸ்ஆஃபுக்காக வருஷக்கணக்காக ரசிகர்களிடம் திட்டு வாங்கிய மனிதர் முடித்துவைத்தார். அன்றைக்கு மச்சானிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

இதற்காக டிரா ஒரு பயனில்லாத கலை என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் பேட்ரிஸ் பெர்ஜரோன் நிற்கிற படத்தைப் பார்த்தே நான் வெட்கப்பட வேண்டியிருக்கும். ஆறு முறை செல்கே விருது வாங்கிய ஒரே ஆள் அவர், தற்காப்பிலும் கெட்டிக்காரரான முன்வரிசை வீரருக்கான விருது அது. டிராவில் அவரை அடித்துக்கொள்ள ஆள் குறைவு. லீஃப்ஸ் ரசிகர்களுக்கு அந்தப் பெயர் கேட்டாலே வயிறு கலங்கும். 2013 மே, அவருடைய பாஸ்டனுக்கு எதிரான பிளேஆஃப் தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டம், மூன்றாவது பகுதியில் நாங்கள் 4-1 முன்னிலை. இங்கே செவ்வாய்க்கிழமை காலை, நான் விடுப்பே எடுத்திருந்தேன், அம்மா இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தார். பாஸ்டன் முதலில் 4-2 ஆக்கியது, ஒரு நிமிடம் 22 வினாடி மிச்சம் இருக்கும்போது லுசிச் இன்னொன்று அடித்தார், 4-3. நடுவட்டத்தில் பக்கைப் போட்டுத் தொடங்கி 31 வினாடிதான், பெர்ஜரோன் சமன் செய்துவிட்டார். கூடுதல் நேரத்திலும் அவரே அடித்தார். இடியப்பம் ஆறிப்போனது. அதிலிருந்துதான் மச்சானுக்கு இந்த டிரா நோய் தொற்றியது என்பது என் நீண்டநாள் சந்தேகம். நமக்கு ஒரு பெர்ஜரோன் வேண்டும், அவ்வளவுதான் என்று அன்றைக்கு முடிவுகட்டியவன், விழுக்காட்டைப் பார்த்தே ஆள் தேடிக்கொண்டிருக்கிறான். பெர்ஜரோனிடம் இருந்தது வெறும் டிரா இல்லையே. டிரா முடிந்த மறுநொடி எங்கே நிற்க வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. அது எந்தப் பட்டியலிலும் ஏறாது.

அவன் ஆசைப்படி ஒருவர் வந்தும் பார்த்தோம். 2023 பிப்ரவரியில் ரையன் ஓ'ரைலியைக் கொண்டுவந்தார்கள். செல்கே வாங்கியவர், 2019இல் செயின்ட் லூயிஸோடு கோப்பையும், பிளேஆஃபின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருதும் வாங்கியவர், டிராவில் பழம் தின்று கொட்டை போட்டவர். மச்சான் அன்று ஆனந்தக் கண்ணீர். டாம்பாவை ஆறு ஆட்டத்தில் முடித்தோம், 2004க்குப் பிறகு முதல் பிளேஆஃப் தொடர் வெற்றி, ஒத்துக்கொள்கிறேன், அந்தக் கடைசி கோலை அடித்தது எங்கள் இன்னொரு சென்டர் டவேரஸ். அடுத்து வந்த புளோரிடா ஐந்தே ஆட்டத்தில் எங்களை மூட்டை கட்டி அனுப்பியது. ஜூலையில் ஓ'ரைலி நாஷ்வில்லுக்குப் போய்விட்டார். 2025இலும் அதே புளோரிடா, ஏழாவது ஆட்டம், சொந்த ஊரில் 6-1. இங்கே திங்கட்கிழமை காலை, கிழக்கு-மேற்கு ரயிலில் நின்றுகொண்டு பார்த்தேன், பக்கத்தில் நின்ற ஓர் ஆன்ட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு "ஆர் யூ ஓகே?" என்று கேட்டார். 6-1 தோற்ற ஆட்டத்துக்கும் மச்சான் டிரா கணக்கு எடுத்துக்கொண்டு வந்தான். வீடு பற்றி எரியும்போது வாசல் கோலம் சரியில்லை என்று குறைசொல்லும் ஆளை நான் என்ன செய்வது.

எனக்கு எங்கே டிரா முக்கியம் என்று கேட்டால் சொல்கிறேன். ஒரு கோல் முன்னிலை, கடைசி நிமிடம், எதிரணி கோல்காப்பாளரை வெளியே எடுத்துவிட்டு ஆறு பேரோடு நிற்கிறது, நம் ஆட்கள் மூச்சு வாங்கிக்கொண்டு ஐசிங் அடித்துவிட்டார்கள், அதாவது பக்கைத் தங்கள் பாதியிலிருந்து எதிர்முனைக் கோட்டைத் தாண்டி அடித்துவிட்டார்கள். ஐசிங் அடித்த அணி ஆட்களை மாற்ற முடியாது. போதாக்குறைக்கு 2019-20இலிருந்து எந்தப் பக்கப் புள்ளியில் டிரா போடுவது என்றும் எதிரணியே தேர்ந்தெடுக்கும். அவர்கள் சும்மாவா தேர்ந்தெடுப்பார்கள்? இடக்கைப் பிடிக்காரருக்கு இடப்பக்கம் லாவகம், வலக்கைக்காரருக்கு வலப்பக்கம், பின்கையால் இழுப்பது எளிது. நம் ஆளுக்கு எது தோதில்லையோ அந்தப் பக்கம்தான் கேட்பார்கள். அந்த இடத்தில் தோற்றால் நான்கே வினாடியில் பக் வலைக்குள் இருக்கும். அங்கே டவேரஸ் மாதிரி ஒருவர் நின்றால் நான் மூச்சு விடுவேன். ஒரு பருவம் முழுக்க அப்படி எத்தனை டிரா வரும்? கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை மட்டும் தனியாக எடுத்து, யார் வென்றார், யார் தோற்றார், தோற்றபிறகு பக்கத்தில் நின்றவர்கள் என்ன செய்தார்கள் என்று ஆட்டத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு மத்யூஸைத் திட்டுவதாக இருந்தால் நானும் சேர்ந்து திட்டத் தயார். 2023-24இல் 69 கோல் அடித்த ஆள் என்பதற்காகச் சலுகை எதுவும் கேட்க மாட்டேன்.

பயிற்சியால் இது வராது என்றும் இல்லை. பிட்ஸ்பர்க் சென்டர் சிட்னி கிராஸ்பி முதல் வருஷம் 50க்கும் கீழேதான் இருந்தார், நான்கு வருஷம் கழித்து 2009-10இல் 55ஐத் தாண்டினார். அதே பருவத்தில் 51 கோல். அவருக்கு எது எதால் வந்தது என்று பிரித்துச் சொல்ல எவனாலும் முடியாது, எல்லாம் ஒரே மனிதனின் உழைப்பு.

இன்று காலை அப்பாவிடம் இந்தச் சண்டையைச் சொன்னேன். கோப்பியை ஆற்றிக்கொண்டே, "அந்தப் பக்கத்துல நின்ன பையன் என்ன ஆனான், உன் விங்கர்?" என்று கேட்டார். பெயர்கூட எனக்கு மறந்துபோயிருந்தது.

மச்சான், இதைப் படித்து முடித்தவுடன் ஃபோனை எடுக்காதே. உனக்கு மதியம் என்றால் எங்களுக்கு நடுராத்திரி, போன தடவை பக்கத்து வீட்டு அங்கிள் சுவரைத் தட்டினார். மூன்று முறை, புல்லி மாதிரி.