இடிப்பதற்கு முன் ஊரைக் கேளுங்கள்

குமரி மாவட்டத்தில் பழைய கிறிஸ்தவ ஆலயத்தை இடித்துவிட்டு அதே இடத்தில் பெரிய கான்கிரீட் ஆலயம் எழுப்புவது வழக்கமாகிக்கொண்டிருக்கிறது. சபை பெருகிவிட்டது, இடம் போதவில்லை என்கிறார்கள். உண்மைதான், பண்டிகை ஆராதனைக்குப் பிந்தி வந்தால் வெளியே பந்தலில்தான் உட்கார வேண்டும். ஆனாலும் இந்த இடிப்புக்கு என் மனம் ஒப்பவில்லை.

நாகர்கோவில் ஹோம் சர்ச்சைப் பாருங்கள். லண்டன் மிஷன் போதகர் சார்லஸ் மீட் இங்கே வந்தது 1818-இல். அடுத்த ஆண்டு பிறந்த அன்றே இந்தக் கல் ஆலயத்துக்கு அடிக்கல் போட்டார்கள். அப்போது திருவிதாங்கூரை ஆண்ட ராணி கௌரி பார்வதி பாய் மிஷனுக்கு ஒரு பங்களாவையும், வயல் வாங்க 5,000 ரூபாயையும் கொடுத்தார். அந்த வயல்களின் வருமானம் பள்ளிக்கூடத்துக்குப் போனது. ஓர் இந்து அரசியின் கொடையும் சேர்ந்துதான் இந்தச் சபை இங்கே வேர்பிடித்தது.

அங்கே வந்து உட்கார்ந்தவர்கள் யார் என்பதுதான் என்னை அசைக்கிறது. மாடி வீடு கட்டக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது என்று சாதியின் பெயரால் கட்டுப்படுத்தப்பட்டிருந்த மக்கள். தங்களுக்கென்று ஓர் உயரமான வீட்டைக்கூட எழுப்ப முடியாதவர்களுக்கு இவ்வளவு பெரிய கல் கட்டடம் சொந்தமானது! அதை ஒட்டியே அச்சுக்கூடம் வந்தது, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வந்தது. மிஷனரி மார்த்தா மால்ட் சொல்லிக்கொடுத்த லேஸ் பின்னலில் சம்பாதித்து அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. மேலாடை உரிமைக்காகப் பல்லாண்டு அடிபட்டு, 1859-இல் அரசாணை பெற்ற போராட்டத்தின் காலத்தில் இந்தச் சுவர்கள் இங்கே நின்றன.

ஹோம் சர்ச் நிற்கிறது, அது நம் பாக்கியம். சிற்றூர்களில் இருக்கும் சின்ன ஆலயங்களுக்குத்தான் ஆபத்து. அவற்றுக்கும் இதே வரலாறு உண்டு. நம் பாட்டிமார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து, பிடி அரிசிக் காணிக்கையாகக் கொடுத்துத் தாங்கிய சுவர்கள் அவை. கமிட்டி ஒரு மாலையில் கூடிக் கைதூக்கி அவற்றின் கதியைத் தீர்மானித்துவிடலாமா? சபையில் பெயர் இல்லாதவர்களும் ஆலயத்துப் பள்ளியில் படித்தார்கள், ஆலய மணியோசையில் எழுந்தார்கள்.

“சுவர் ஈரம் கோக்கிறது, இனித் தாங்காது” என்பது அடுத்த வாதம். பல இடங்களில் அந்த ஈரத்துக்கு நாமே காரணம். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். அதன் மேல் சிமெண்ட் பூசி, பெயிண்டும் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கிக் காரையை அரிக்கும். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூசினாலே பல சுவர்கள் பிழைத்துக்கொள்ளும்.

இடம் போதாவிட்டால் இரண்டு ஆராதனை வையுங்கள். பக்கத்து மனையில் புதியதைக் கட்டுங்கள். இடித்தே தீர வேண்டுமென்றால், சுண்ணாம்புக் கட்டடம் தெரிந்த பொறியாளர் ஒருவரிடம் முதலில் காட்டுங்கள். அவர் எழுதித் தருவதை ஆலய வாசலில் ஒட்டி, சபையார் மட்டுமல்லாமல் ஊராரும் பேச ஒரு கூட்டம் போடுங்கள்.