அந்த ஜோக்கில் இலக்கணம் பார்க்காதீர்கள்

ஜெர்மனியில் குடியேறியவர்களுக்கான ஒருங்கிணைப்பு வகுப்புகள் 2005 முதல் நடக்கின்றன. வழக்கமான வகுப்பில் மொழிக்கு 600 பாடவேளை. சட்டம், வரலாறு, பண்பாட்டுக்கு 100. அன்றாட வாழ்க்கையைத் தானாகப் பேசிச் சமாளிக்கும் பி1 என்ற மொழி நிலையை எட்ட வேண்டும். நேரம் குறைவு, பாடம் அதிகம். அதனால் வகுப்பில் யாராவது ஜோக் அடித்தால் சில ஆசிரியர்கள் அதை நேர விரயமாகப் பார்க்கிறார்கள். எனக்கு இதில் கடுமையான மாற்றுக்கருத்து உண்டு.

சிரியாவின் அலெப்போவில் மருந்துக்கடை நடத்தியவரும் உக்ரைனின் கார்கிவில் கணக்கு வாத்தியாராக இருந்தவரும் ஏ1 என்ற தொடக்கநிலை வகுப்பில் உட்கார்ந்து, ‘எனக்கு ஆப்பிள் பிடிக்கும்’ என்று சொல்லிப் பழகுகிறார்கள். ஊரில் நாலு பேர் மதித்துக் கேட்ட பேச்சு அவர்களுடையது. இங்கே கையிலிருக்கும் நூறு சொல்லை வைத்துத்தான் அவர்களை எடைபோடுகிறோம்.

எங்கள் வகுப்பில் பொழுதுபோக்கு பற்றிக் கேட்டார்கள். சிரியாவிலிருந்து வந்த ஒரு பெரியவர், ‘கடிதம் வாசிப்பது. அரசு அலுவலகக் கடிதம்’ என்றார். வகுப்பே வெடித்துச் சிரித்தது. அந்தக் கடிதங்கள் வராத வீடு எங்களில் யாருக்கும் இல்லை. அதுவரை பின்வரிசையில் பேசாமல் இருந்தவர் எவ்வளவு கூர்மையான மனிதர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆசிரியை உடனே இலக்கணத்தைத் திருத்தினார். அவரும் பணிவாகத் திருத்திச் சொன்னார். அப்புறம் அன்று முழுக்க வாய் திறக்கவில்லை.

திருத்தவே வேண்டாம் என்று சொல்லவில்லை. சிரித்து முடிக்க விடுங்கள். பத்து நிமிடம் கழித்து, யார் பெயரும் சொல்லாமல் பலகையில் எழுதிப் போடுங்கள்.

1980களில் இங்கே வந்த ஈழத்தமிழர்களுக்கு இப்படி ஒரு வகுப்பே இல்லை. பலர் உணவக அடுப்படியில்தான் டொய்ச், அதாவது ஜெர்மன் மொழி, கற்றார்கள். கூட வேலை செய்த ஜெர்மன்காரரை முதன்முதலாகச் சிரிக்க வைத்த நாளை எனக்குத் தெரிந்த அண்ணை ஒருவர் இன்றும் சொல்லுவார். அதற்குப் பிறகுதான் அங்கே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாம்.

எல்லாச் சிரிப்பும் நல்லதில்லை, சரி. உச்சரிப்பைப் பார்த்துச் சிரித்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். ஒருவரையே வகுப்பின் கோமாளியாக்குவது அதைவிட மோசம். எரித்திரியத் தம்பி ஒருவன் முதல் வாரங்களில் நன்றாகச் சிரிக்க வைத்தான். பிறகு அவன் எழுந்தாலே சிரிப்பு. ஒருநாள் விசா புதுப்பிப்பது பற்றி நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டான்; அப்போதும் சிரித்தார்கள். ஆசிரியர் அந்த இடத்தில் வகுப்பை அமைதியாக்கி, அவன் கேள்வியை முழுசாகக் கேட்டிருக்க வேண்டும்.