தகர எலியும் சர்வேயர் மாமனாரும்

(இங்கிலாந்தின் சசெக்ஸ் பக்கம் ஒரு மரக்காடு. மகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், ரிட்டயர்டு சர்வேயர். மாப்பிள்ளை புல்லில் ஒரு திண்டைப் போட்டு ஏர் ரைஃபிளோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார்.)

மாமனார்: என்ன மாப்பிள்ளை, நாளைக்குப் போட்டி என்றீர்கள், தலையணை போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள்?

மாப்பிள்ளை: ஃபீல்ட் டார்கெட் என்ற இந்த ஏர் ரைஃபிள் போட்டியில் பெரும்பாலும் உட்கார்ந்துதான் சுடுவோம் மாமா. 1980இல் இந்த விளையாட்டு ஆரம்பித்ததே இதே சசெக்ஸில், மேகம் டவுனில்தான்.

மாமனார்: அந்தத் தகர எலியைத்தானே சுட வேண்டும்? தப்பவே தப்பாது.

மாப்பிள்ளை: ஐயோ, எலி மேல் படக் கூடாது மாமா! நடுவில் 40 மில்லிமீட்டரில் ஒரு ஓட்டை இருக்கிறது பாருங்கள், சிலதில் 15தான் இருக்கும், குண்டு அதற்குள் போய்ப் பின்னால் இருக்கும் தட்டில் பட்டால்தான் எலி விழும். எலியில் பட்டால் டங் என்று சத்தம் வரும், அவ்வளவுதான், பூஜ்யம்.

மாமனார்: எலியைச் சுட்டால் பூஜ்யம், ஓட்டையைச் சுட்டால் மார்க்கா? சரி, இதெல்லாம் என்ன விலை?

மாப்பிள்ளை: மெதுவாகப் பேசுங்கள், உங்கள் மகளுக்குப் பாதி விலைதான் தெரியும். கிளப்பில் இரவல் துப்பாக்கி தருகிறோம், கொஞ்ச நாள் அதில் சுட்டுப் பார் என்றுதான் சொன்னார்கள். நான்தான் கேட்கவில்லை.

மாமனார்: ஸ்கோப்பில் எதற்குத் தோசைக்கல் மாதிரி ஒரு சக்கரம்?

மாப்பிள்ளை: தூரம் பார்க்க. லேசர் வைத்து அளக்கக் கூடாது, அதனால் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே இருந்து எலி எப்போது பளிச்சென்று தெரிகிறதோ அப்போது அதில் இருக்கும் எண்தான் தூரம். 8 கஜத்திலிருந்து 55 கஜம் வரை எங்கே வேண்டுமானாலும் எலி நிற்கும். துப்பாக்கிக்கு 12 அடி-பவுண்டுக்கு மேல் சக்தி இருந்தால் இங்கே லைசென்ஸ் கேட்பார்கள், அதற்குள் இருப்பதால் குண்டு போகப் போகத் தாழும், தூரத்தில் நிற்கும் எலிக்கு 5 கஜம் கணக்குத் தப்பினாலே தகரத்தில்தான் படும்... இது 45.

மாமனார்: 50.

மாப்பிள்ளை: மாமா, 45.

(டங்!)

மாமனார்: முப்பது வருஷம் செயின் இழுத்த கண் மாப்பிள்ளை. எத்தனை வரப்புத் தகராறு தீர்த்திருக்கிறேன். 50 வைத்துச் சுடுங்கள்.

(டிக். எலி விழுகிறது. மாப்பிள்ளை கயிற்றை இழுத்து அதை நிமிர்த்திவிட்டு, மாமனாரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்.)

மாப்பிள்ளை: மாமா, நாளைக்கு நீங்களும் வாருங்கள். ஆனால் பக்கத்தில் நின்று தூரம் சொல்லக் கூடாது, வெளியே அனுப்பிவிடுவார்கள். இருமினால் யார் என்ன சொல்ல முடியும்?

மாமனார்: 50 தடவையா? ஆம்புலன்ஸ் வந்துவிடும்.

மாப்பிள்ளை: பத்துக்கு ஒரு இருமல்.

மாமனார்: 38 என்றால்?

மாப்பிள்ளை: மூன்று இருமல், எட்டுத் தும்மல்.

மாமனார்: அதற்கு நான் சுட்டுவிடுகிறேன், நீங்கள் இருமுங்களேன்.