பொத்தானை அழுத்தினால் பாட்டு வந்துவிடுமாம்

சனிக்கிழமை ஒரு நண்பர் இணையத்தில் ஒரு ராக் தொகுப்பைக் கேலி செய்து எழுதினார். டெஃப் லெப்பர்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'ஹிஸ்டீரியா' தொகுப்பு பற்றி அவர் எழுதிய மூன்று வரிகளும், கீழே குவிந்த சிரிப்புப் பொம்மைகளும் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன. தலைமுடிக்கு ஸ்பிரே, டிரம்ஸுக்கு கம்ப்யூட்டர், இதில் கலைஞன் எங்கே என்பது அவருடைய கேள்வி. கேள்வி என்று மரியாதைக்காகச் சொல்கிறேன்.

கலைஞன் எங்கே இருந்தான் என்று நான் சொல்கிறேன். 1984 டிசம்பர் 31 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்கு அருகே நடந்த கார் விபத்தில், குழுவின் டிரம்ஸ் கலைஞர், 21 வயதான ரிக் ஆலன், இடது கையை இழந்தார். குழு வேறு ஆளைத் தேடவில்லை. இடது கையின் வேலையை இடது காலுக்கு மாற்றும் மிதிகளோடு மின்னணு டிரம்ஸ் ஒன்றை அமைத்துக்கொண்டு, அவர் வாசிப்பை முதலிலிருந்து கற்றார். 1986 ஆகஸ்டில் அயர்லாந்து மேடைகளில் துணைக்கு இன்னொரு டிரம்ஸ் கலைஞர் ஜெஃப் ரிச் இருந்தார். ஒருநாள் ரிச் வரத் தாமதமானபோது ஆலன் தனியாகவே வாசித்தார். அதே மாதம் இங்கிலாந்தின் டோனிங்டன் ராக் திருவிழாவில், பெருங்கூட்டத்தின் முன் துணையின்றி அமர்ந்தார். இவரைத்தான் கம்ப்யூட்டர் என்கிறீர்கள்.

தொகுப்பில் ஒலிப்பவை ஃபேர்லைட் என்ற கணினி இசைக்கருவியில் சேமித்த டிரம்ஸ் ஒலிகள்தானே என்று உடனே ஒருவர் வருவார். ஆம், அவைதான், யாரும் மறைக்கவில்லை. தயாரிப்பாளர் மட் லாங், பன்னிரண்டு பாடல்களில் ஒன்றுகூட நிரப்புப் பாடலாக இருக்கக்கூடாது என்ற பிடிவாதத்தில், சில இடங்களில் பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கிதார் கார்டுகளைக்கூட (chord) ஒவ்வொரு சுரமாகப் பதிவு செய்ய வைத்தார். அதற்கு முன்பே வேறொரு தயாரிப்பாளர் ஜிம் ஸ்டைன்மனோடு தொடங்கிய பதிவு வீணாகியிருந்தது. 1984இல் தொடங்கிய வேலை 1987 ஆகஸ்டில்தான் கடைக்கு வந்தது. பொத்தானை அழுத்தினால் வந்துவிடும் இசைக்கு இத்தனை ஆண்டுகள் எதற்கு? ஸ்டுடியோவில் செய்யும் உழைப்பும் இசைதான். இதை எத்தனை முறை சொல்வது?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறவன். ஒரு பாடகருக்காக, திரும்பத் திரும்பப் பாடிய பல டேக்குகளிலிருந்து ஒவ்வொரு சொல்லாக எடுத்து, மூச்சு தெரியாமல் ஒட்டி, விடியும் வரை ஒரு பல்லவியைச் சரிசெய்தேன். கேட்டுவிட்டு அவர் பக்கத்திலிருந்தவரிடம், "இந்தக் காலத்தில் எல்லாம் மெஷினே செய்துவிடுகிறது" என்றார். நான் அந்த அறையில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

பாடல் வரிகள் ஆழமற்றவை என்பீர்கள். சில இடங்களில் உண்மைதான், மேலே போகலாம். விற்பனைக்காகச் செய்த இசை என்பீர்கள். செலவு மலையாகிவிட்ட நிலையில், விற்காவிட்டால் குழுவே மூழ்கியிருக்கும். விற்க நினைத்ததில் என்ன பாவம்? அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தைத் தொட ஏறக்குறைய ஓராண்டு, 1988 ஜூலை வரை ஆயிற்று என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பகட்டான உடையும் தலைமுடியுமாக மேடையேறும் கிளாம் மெட்டல் ராக் என்றாலே வேஷம் என்பீர்கள். அந்தப் பட்டத்தைப் பாடகர் ஜோ எலியட்டே விரும்பியதில்லை. ஆனாலும் வேஷம் போட்டவன் உழைக்கமாட்டான் என்ற விதியை எங்கே படித்தீர்கள்?

தலைப்புப் பாடலை ஹெட்போனில் கேளுங்கள். கிதார் கலைஞர்கள் ஸ்டீவ் கிளார்க்கும் ஃபில் காலனும் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் நுழைகிறார்கள், யாரும் யாரையும் மிதிப்பதில்லை. 1991 ஜனவரியில் கிளார்க் இறந்துபோனார்; அவர் உயிரோடிருந்தபோது வெளியான கடைசித் தொகுப்பு இது. அந்தக் கிதார்களையும் மெஷினின் கணக்கில் எழுதிவிடுவீர்களோ?

ஹிஸ்டீரியாவின் உறையில் பொறியாளர் நைஜல் கிரீன் பெயரும், ஒலிக்கலவை செய்த மைக் ஷிப்லி பெயரும் இருக்கின்றன. நான் விடியும் வரை ஒட்டிய பாட்டின் உறையில் என் பெயர் கிடையாது. நண்பர் அடுத்த முறை சிரிப்புப் பொம்மை போடும்போது, அதையும் சேர்த்துச் சிரித்துக்கொள்ளலாம்.